ஒட்டு வைத்த புள்ளி

முதல் புள்ளியை வைத்தது நான்தான். அதைச் சொல்லிவிட்டு மற்றதைச் சொல்கிறேன். இந்த ஆள் மறைத்துவிட்டான் என்று பிறகு யாரும் பேசக்கூடாது. ஒரு தடவை மறைத்ததற்கே இத்தனை பேர் போய்விட்டார்கள்.

ஈரோட்டிலிருந்து பெருந்துறை போகிற ரோட்டில் என் குடோன் இருக்கிறது. ஆக்சிஜன் சிலிண்டர் ஏஜென்சி. காற்று கெடுவதற்கு முன்னால் வெல்டிங் பட்டறைக்கும் ஆஸ்பத்திரிக்கும் மட்டும்தான் போட்டுக்கொண்டிருந்தேன். அப்புறம் தூசிக்காலம் என்று ஒன்று வந்தது. தை பிறந்தால் சித்திரை முடிகிறவரை வானம் சாம்பல் பூசின மாதிரி நிற்கும். தெருவுக்குப் பத்து வீட்டில் யாராவது மூக்கில் குழாயோடு கிடக்கிறார்கள். சமையல் கேஸ் மாதிரி காற்றும் வீடு வீடாகப் போட வேண்டியதாகிவிட்டது. பிளாண்டில் எனக்கு ஒரு நாளைக்கு நூற்றுப் பத்து சிலிண்டர் கொடுப்பார்கள். கேட்கிற வீடு நூற்று நாற்பது. அதை இதைப் பேசி, இன்றைக்கு நீ விட்டுக்கொடு, நாளைக்கு அவன் விட்டுக்கொடுப்பான் என்று வாசல் வாசலாகக் கெஞ்சி ஓட்டிக்கொண்டிருந்தேன்.

கணக்கு எல்லாம் நோட்டில்தான். முப்பத்தோரு நோட்டு. ஒரு பக்கம் பெயர், எதிரே போன சிலிண்டர், திரும்பி வந்த காலி. சில பெயர்களுக்குப் பக்கத்தில் ஒரு புள்ளி இருக்கும். என்ன புள்ளி என்று டிரைவர் சென்னியப்பனுக்கு மட்டும் தெரியும்.

சிலிண்டரை இறக்கப் போகும்போது வாசலிலேயே தெரிந்துவிடும். கால் வீங்கிக் கிடக்கும். நகம் நீலம் பாய்ந்திருக்கும். வீட்டு ஆட்கள் குரலைத் தாழ்த்திப் பேசுவார்கள். இவர் இந்த மாதம் தாண்டமாட்டார் என்று தோன்றினால், வந்து அந்தப் பெயருக்குப் பக்கத்தில் ஒரு புள்ளி வைப்பேன். அதற்கு ஒரே அர்த்தம்தான். கேட்காதே. அட்வான்ஸ் கேட்காதே, காலி கேட்காதே, ரெண்டு கேட்டால் ரெண்டு கொடு. ஆள் முடிந்த பிறகும் பதினாறாம் நாள் காரியம் ஆகிறவரை அந்த வாசல்படி ஏறாதே. அப்படிக் கொடுக்கிறதை நோட்டில் ஏற்றமாட்டேன். கேட்கப்போவதில்லை, எதற்கு எழுத வேண்டும்? ஒன்றிரண்டு பேர் பிழைத்து எழுந்தும் இருக்கிறார்கள். அவர்கள் பெயரைப் புதுப் பக்கத்தில் புதிதாக எழுதுவேன். பழைய புள்ளியின் நிழல் மேலே விழ வேண்டாம் என்று.

என் வீட்டுக்காரி பாவாத்தாளும் இரண்டு வருஷமாகக் குழாயில்தான் இருக்கிறாள். குடோனுக்குப் பின்னாலேயே வீடு. அவளுக்குப் போகிற சிலிண்டரை நோட்டில் ‘வீடு’ என்று எழுதுவேன். கடை வைத்திருக்கிறவன் எல்லாரும் தன் வீட்டுக்கு எடுத்துப்போகிறதை அப்படித்தான் எழுதுவான். அவள் பெயரை நான் எழுதினது ரேஷன் கார்டுக்கு ஒரு தடவை. அவ்வளவுதான்.

குடோன் மாடியை வாடகைக்கு விட்டிருந்தேன். சங்கவி என்று ஒரு பெண். முப்பது வயசு இருக்கும். இரண்டு கம்ப்யூட்டரை வைத்துக்கொண்டு தனியாக ஏதோ எழுதிக்கொண்டிருப்பாள். வரி ஆபீஸ்காரன் எல்லா ஏஜென்சியும் ஆன்லைன் கணக்கில் ஏற வேண்டும் என்று சொன்ன வருஷம், மாடியிலிருந்து இறங்கி வந்தாள்.

“ஏனுங்கய்யா, அந்த ஆன்லைன் கணக்குல பில்லு போடலாம், வரி கட்டலாம். நாளைக்கு எந்த ஊட்டுக்கு எத்தனை சிலிண்டர் வேணும்னு அதுக்குத் தெரியாதுங்க. அதுமேல நான் ஒண்ணு எழுதிச் சேர்க்கறேன். ஆட்-ஆன்னு சொல்லுவாங்க.”

“மாமரத்துக்கு ஒட்டுக் கட்டற மாதிரியா?”

“அட, அதேதானுங்க!”

“ஒட்டுக் கட்டுனா மரத்தோட கொணம் நிக்காது அம்மணி. ஒட்டோட கொணந்தான் காய்க்கும்.”

சிரித்தாள். நல்ல பெண்தான். எந்தக் கம்பெனியின் ஆன்லைன் கணக்கு என்று நான் எழுதப்போவதில்லை. வழக்குப் போடுவான்.

என் நோட்டு முப்பத்தொன்றையும் பக்கம் பக்கமாகப் படம் பிடித்தாள். ஒட்டு அதைப் படித்துத்தான் தொழில் கற்றுக்கொள்ளுமாம். பத்தாவது நோட்டில் நிறுத்தினாள்.

“இந்தப் புள்ளி என்னங்கய்யா? நெம்பப் பேருக்கு இருக்குதுங்களே?”

“மை சிந்துனது.”

“எல்லாம் ஒரே எடத்துல சிந்தியிருக்குதுங்க. பேருக்கு எடது பக்கம், கொஞ்சம் கீழ.”

“பேனா அப்படி.”

ஏன் அப்படிச் சொன்னேன்? கம்ப்யூட்டரில் ஏறினது ஊருக்கே ஏறினது. நாச்சிமுத்து சாகப்போகிறவனுக்குச் சும்மா கொடுக்கிறான் என்று தெரிந்தால், சாகப்போகிறேன் என்று நாளைக்கே நூறு பேர் வந்து நிற்பார்கள். மனுஷனை எனக்குத் தெரியும். அவள் மை என்று குறித்துக்கொண்டாள்.

ஒட்டு நன்றாகத்தான் வேலை செய்தது. அதைச் சொல்லாவிட்டால் பாவம். காலை ஆறரைக்குச் சென்னியப்பன் போனுக்கு லிஸ்ட் வந்துவிடும். எந்தத் தெரு முதலில், எந்த வீட்டில் காலி. யாரிடமும் கெஞ்ச வேண்டியதில்லை. போன் வந்தால் ஒட்டே எடுத்துப் பேசியது. பெண் குரல். “உங்கள் கோரிக்கை பதிவாகிவிட்டது” என்று சொல்லும். ஆறு மாதத்தில் முந்நூற்றுப் பன்னிரண்டு ஏஜென்சி அதைப் போட்டுக்கொண்டார்கள். ஆன்லைன் கணக்குக் கம்பெனியே சங்கவியிடமிருந்து அதை விலைக்கு வாங்கி, அவளுக்கு வேலையும் கொடுத்தது. ஸ்வீட் பெட்டியோடு வந்தாள். பாவாத்தா மூக்குக் குழாயை ஒரு கையால் பிடித்துக்கொண்டு மைசூர்பாகைத் தின்றாள்.

அதற்கடுத்த மாதம் சிலிண்டர் தலையில் பூட்டு வந்தது. பதுக்கலைத் தடுக்கிறதாம். லிஸ்டில் பெயர் இருந்தால்தான் திருகு திறக்கும். பச்சை விளக்கு எரிந்தால் காற்று. சிவப்பு என்றால் அது வெறும் இரும்பு.

மாசி மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை. வேனில் ஏற்றிக்கொண்டிருந்த சென்னியப்பன் போனைப் பார்த்துவிட்டுத் தலையைச் சொறிந்தான்.

“அண்ணா, டைப்பு கிளாஸ் சுலோச்சனாம்மா ஊடு இன்னைக்கு லிஸ்ட்ல இல்லீங்க.”

“கையிருப்பு இருக்கும். பொண்ணு வந்திருக்கறான்னு சொன்னாங்க, ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போயிருப்பா. நீ கெளம்பு.”

புதன்கிழமையும் இல்லை. வியாழக்கிழமை லிஸ்டில் அவர் வீடு இருந்தது. ஆனால் ‘காலி எடுத்துவர’ என்று இருந்தது. சென்னியப்பன் போனான். பத்து மணிக்குத் திரும்பி வந்தவன் வேனை விட்டு இறங்கவில்லை. ஸ்டீரிங்கைப் பிடித்தபடியே உட்கார்ந்திருந்தான்.

“ஏன்டா, பேய் அடிச்ச மாதிரி இருக்கற?”

“நான் போறப்போ பந்தல் போட்டுட்டு இருந்தாங்கண்ணா. காத்தால எட்டு மணிக்குத்தான் உசுரு போச்சாம். காலி எடுக்கச் சொல்லி எனக்கு லிஸ்ட் ஆறரைக்கே வந்துருச்சுங்க.” கசங்கின காலரைத் தொட்டுக் காட்டினான். “அந்தப் பொண்ணு என்ர சட்டையைப் புடிச்சுட்டா. மூணு நாளாப் போன் பண்றேன், பதிவாயிருச்சு பதிவாயிருச்சுன்னே சொல்றீங்க, இப்ப எழவு ஊட்ல வந்து இரும்பு கேக்கறீங்களான்னு கேக்கறாண்ணா. நான் என்னன்னு சொல்றது?”

ஆபீஸ் கம்ப்யூட்டரில் அந்த அம்மா பெயரைத் தேடச் சொன்னேன். எடுத்தான். சுலோச்சனா, வயசு எழுபத்தொன்று. பெயருக்கு இடது பக்கம், கொஞ்சம் கீழே, ஒரு புள்ளி.

நான் வைக்கவில்லை. ஆனால் அது என் புள்ளி. என் பேனா சாய்கிற சாய்வுகூட அப்படியே இருந்தது.

மேலும் கீழும் தள்ளிப் பார்த்தோம். இன்னும் பதினெட்டுப் பெயருக்குப் புள்ளி இருந்தது. சென்னியப்பன் ஒவ்வொன்றாக விரல் வைத்து, “இவரு போயிட்டாருங்க, இந்தம்மா போயிட்டாங்க” என்று சொல்லிக்கொண்டே வந்தான். மரக்கடை ரசாக் பாய் பெயரில் விரல் நின்றது. “பாய் இருக்கறாருங்க. ஆனா நேத்திலிருந்து லிஸ்ட்ல இல்ல.”

மாடிக்கு ஏறினேன். பன்னிரண்டு படி. அந்த வருஷம் முழுக்க ஏறாத படி. சங்கவி காப்பி குடித்துக்கொண்டிருந்தாள்.

“அம்மணி, உன்ர ஒட்டு புள்ளி வைக்குது.”

“பாத்துட்டீங்களா?” முகம் மலர்ந்தது அவளுக்கு. “நானே சொல்லோணும்னு இருந்தேங்க. யாரும் சொல்லித்தரல, அதுவாக் கண்டுபுடிச்சுது. உங்க நோட்டுல புள்ளி வச்ச பேருக்கு அப்புறம் ஒரு சிலிண்டர் கூடப் போகல. கொஞ்ச நாள்ல காலி திரும்பி வந்துருது. முப்பத்தோரு நோட்டுலயும் ஒருத்தருக்குக் கூட இது தப்பல. அதனால புள்ளின்னா இனித் தேவைப்படாதுன்னு எடுத்துக்கிச்சுங்க. யாரு எத்தனை வாங்கறாங்க, எப்படி ஏறுதுன்னு பாத்து அதுவே முன்னாடியே வைக்குது. நூத்துக்குத் தொண்ணூத்தாறு சரியா இருக்குதுங்கய்யா!”

“புள்ளி வச்சதுக்கு அப்புறம் அந்த ஊட்டுக்குச் சிலிண்டர் போகுதா?”

“அதான் தேவைப்படாதுன்னு...”

“போகுதா, போகலியா?”

காப்பி டம்ளர் பாதி வழியில் நின்றது.

“போகலீங்க.”

“பின்ன அவங்க எப்படி அம்மணி பொழைப்பாங்க?”

அவள் டம்ளரைக் கீழே வைத்தாள். கம்ப்யூட்டர் பக்கம் திரும்பி எதையோ வேக வேகமாகத் தட்டினாள். பெயர் பெயராக ஓடியது. எங்கள் ஊர் மட்டும் இல்லை. சேலம், கரூர், திண்டுக்கல். முந்நூற்றுப் பன்னிரண்டு ஏஜென்சி.

“மீதி நாலு பேரு?” என்றேன். “அது தப்பாச் சொன்ன நாலு பேரு?”

“பாக்கறேன்.” பார்த்தாள். “அவங்க ஊட்ல சொந்தமா மிஷின் இருந்திருக்குதுங்க. இல்லன்னா வேற எடத்துல வாங்கியிருக்காங்க.”

நான் மை என்று சொன்னதை அப்போதுதான் திருத்திச் சொன்னேன். கேட்காதே என்று அர்த்தம். கொடுத்ததை எழுதவில்லை. பிழைத்தவர்களுக்குப் பக்கம் மாற்றினேன். எல்லாம் சொன்னேன். அவள் என்னைத் திட்டியிருந்தால் தேவலை. எழுந்து பாத்ரூமுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். வாந்தி எடுக்கிற சத்தம் கேட்டது.

வெளியே வந்து முகத்தைத் துடைத்துக்கொண்டு, “என்னால நிறுத்த முடியாதுங்கய்யா, வித்துட்டேன்” என்றாள். “அர்த்தத்தைத் திருத்தவும் எனக்கு உரிமை இல்ல. அதுக்கு ஒரு சந்தேகம் வந்து, அதுவே கேட்டாத்தான் நாம பதில் எழுதற பெட்டி தொறக்கும். அதுக்குச் சந்தேகமே வர்றதில்ல.”

கம்பெனி மேனேஜருக்குப் போன் போட்டாள். ஸ்பீக்கரில் வைத்தாள். தேன் ஒழுகுகிற குரல்.

“சார், உங்க வருத்தம் புரியுது. ஆனா நீங்க பெரிய அளவுல பாக்கணும். அந்தச் சிலிண்டர் எல்லாம் பிழைக்க வாய்ப்பு இருக்கறவங்களுக்குப் போகுது. தொண்ணூத்தாறு சதவீதம் சார்.”

“கழுத்தைப் புடிச்சு நெரிச்சுட்டு, பாரு, நான் சொன்ன மாதிரியே செத்துட்டான்னு சொல்றியாடா?”

“சார், மரியாதையா பேசுங்க. புள்ளிக்கு என்ன அர்த்தம்னு உங்ககிட்ட அன்னைக்கே கேட்டிருக்காங்க. மைன்னு நீங்க சொன்னது எங்க பதிவுல இருக்கு.”

சங்கவி போனை அணைத்தாள்.

கீழே இறங்கும்போதுதான் ஒன்று தோன்றியது. பாவாத்தா. தீபாவளிக்கு ஒரு நாளைக்கு ஒன்று. பொங்கலுக்கு ஒன்றரை. இப்போது இரண்டு. சுலோச்சனாம்மாவை விட மோசம். திரும்ப ஏறினேன்.

“அம்மணி, என்ர ஊட்டைப் பாரு.”

பார்த்தாள். புருவத்தைச் சுருக்கினாள். “புள்ளி இல்லீங்க.”

“ஏன் இல்ல? எல்லாருக்கும் வைக்கறது அவளுக்கு ஏன் வைக்கல?”

கொஞ்ச நேரம் தட்டிப் பார்த்துவிட்டு மெதுவாகச் சொன்னாள். “நீங்க வீடுன்னு எழுதியிருக்கறீங்க. எல்லா ஏஜென்சி நோட்டுலயும் வீடுன்னு ஒரு வரி இருக்குதுங்க. முதலாளி தன் வீட்டுக்கு எடுத்துக்கறது. கூடும், கொறையும், ஒருநாளும் நின்னதில்ல. அதை அது ஒரு ஆளுன்னே நினைக்கல. நிக்கவே நிக்காத கணக்குக்குப் புள்ளி வைக்க அதுக்குத் தெரியலீங்க.”

அவள்தான் கேட்டாள்.

“ரசாக் பாயை உங்க ஊட்ல சேத்துக்கலாமுங்களா?”

அன்றைக்கு மத்தியானமே ரசாக் பாய்க்கு ‘வீடு’ கணக்கில் இரண்டு சிலிண்டர் போனது. பச்சை விளக்கு எரிந்தது. மறுநாள் நானே போய்ப் பார்த்தேன். கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார்.

“என்னங்க நாச்சிமுத்து, இப்ப நான் உங்க வூட்டு மாப்பிள்ளைன்னு கேள்விப்பட்டேன். சீர் எங்கே?”

“முதல்ல மூச்சு விடுங்க பாய். சீரு அப்புறம்.”

ஒவ்வொரு பெயராக வீட்டுக்கு மாற்றினோம். மற்ற ஏஜென்சிக்குப் போனில் சொல்ல முடியாது. போனை எடுக்கிறதே ஒட்டுதானே. காலையில் பிளாண்ட் வாசலில் எல்லா ஏஜென்சி வேனும் வரிசையில் நிற்கும். டிரைவர்கள் டீக்கடையில் கூடுவார்கள். சென்னியப்பன் அங்கே வாய்க்கு வாய் சொன்னான். மோசமா இருக்கற ஆளை வீடுன்னு எழுதுங்க. எதுக்குன்னு கேக்காதீங்க. ஒரு வாரத்தில் கரூர் போனது, திண்டுக்கல் போனது.

சிலிண்டர் அதிகமாகவில்லை. அதையும் சொல்லிவிடுகிறேன். வீட்டில் ஏற்றினது வேறு யாருடைய மூக்கிலிருந்தோ இறங்கினதுதான். பழையபடி வாசல் வாசலாகப் போய்க் கெஞ்சினேன். சிலர் விட்டுக்கொடுத்தார்கள். சிலர் கதவைச் சாத்தினார்கள். கதவைச் சாத்தினவனைக் கும்பிடலாம் என்று இருந்தது. அவன் மனுஷன். என்னைப் பார்த்துச் சாத்தினான்.

பாவாத்தாவிடம் எல்லாம் சொன்னேன். அவளுக்கு இரண்டு வார்த்தைக்கு ஒரு மூச்சு.

“நம்ம ஊட்ல இப்ப... எத்தனை பேரு?”

“நாப்பத்திரண்டு.”

“கெரகமே... சோறு யாரு ஆக்கறது?”

மூன்று வாரம் புதுப் புள்ளி குறைந்துகொண்டே வந்தது. மேனேஜர் சங்கவிக்குப் பாராட்டு அனுப்பினான். சாவு குறைந்ததற்கு அவனுடைய ஒட்டுதான் காரணமாம். நான் சிரித்தேன். எவ்வளவு நாளைக்கப்புறம் சிரித்தேனோ தெரியாது.

பங்குனி ஏழாம் தேதி, திங்கட்கிழமை, காலை ஆறரைக்கு லிஸ்ட் வரவில்லை. குடோனில் அடுக்கியிருந்த சிலிண்டர் தலைகளில் வீட்டுக்கு ஒதுக்கினது எல்லாம் சிவப்பு. கம்ப்யூட்டரில் ஒரே ஒரு வரி. அடியில் ஒரு காலிப் பெட்டி.

வீட்டில் எத்தனை பேர்?

சங்கவியைக் கூப்பிட்டேன். செருப்பு போடாமல் ஓடி வந்தாள். படித்துவிட்டு இரண்டடி பின்னால் போனாள்.

“இந்தக் கேள்வியை நான் எழுதலீங்கய்யா.”

“கம்பெனிக்காரன்?”

கூட வேலை செய்கிற ஒருத்திக்குப் போன் போட்டுப் பேசினாள். வைத்துவிட்டுச் சொன்னாள். “அவங்களும் எழுதலையாமுங்க. எல்லா ஏஜென்சிலயும் ஒரே நேரத்துல வந்திருக்குது. யாராவது பதில் எழுதுற வரைக்கும் வீடுங்கற கணக்கு தொறக்காது. ஒருத்தரு எழுதுனா எல்லாருக்கும் அதுதான் பதில்.”

“பொய் சொல்லுதுன்னு கண்டுபுடிச்சுருச்சா?”

“பொய்னு தெரியுமான்னு தெரியல. சந்தேகம் வந்திருக்குது.”

பாவாத்தாவின் சிலிண்டரில் முள் சிவப்புக் கோட்டைத் தொட்டுக்கொண்டிருந்தது. ஒரு மணி நேரம் வரும். இரண்டு பேர் என்று எழுதினால் எனக்கும் அவளுக்கும் காற்று. ரசாக் பாய் முதல் எல்லாரும் வெளியே. நாற்பத்திரண்டு என்று எழுதினால் அது வீடு இல்லை, ஆட்கள். பெயரைக் கேட்கும். பெயர் கிடைத்தால் புள்ளி வைக்கும். சென்னியப்பன் வாசலில் நின்று, “அண்ணா, சீக்கிரம் எதையாவது எழுதுங்கண்ணா” என்று அழுகிற குரலில் சொன்னான்.

உள்ளே போனேன். பாவாத்தா முழித்துக்கொண்டுதான் இருந்தாள்.

“என்ன... என்ர மேல புள்ளி வந்துருச்சா?”

“வருல. எத்தனை பேருன்னு கேக்குது.”

கண்ணை மூடிக்கொண்டு கொஞ்ச நேரம் காற்றைச் சேர்த்தாள். “அன்னைக்கு... மையின்னு சொன்னீங்க. இன்னைக்காச்சும்... உள்ளதைச் சொல்லிப்போடுங்க.”

திரும்பி வந்து உட்கார்ந்தேன். நான் அடிக்கிறேன் என்று சங்கவி சொன்னாள். வேண்டாம் என்றேன். இந்தத் தடவை என் கையாலேயே போகட்டும். எத்தனை பேர் என்று நான் எழுதவில்லை. ஒற்றை விரலால் ஒவ்வொரு எழுத்தாகத் தேடித் தேடி இப்படி எழுதினேன்.

புள்ளி மை இல்லை. புள்ளி வைத்த வீட்டில் எதுவும் கேட்காதே. கேட்டதைக் கொடு. பதினாறு நாள் அந்த வாசலுக்குப் போகாதே.

அனுப்பினேன். திரை அசையவில்லை. சென்னியப்பன் சாமி பெயரை முணுமுணுத்துக்கொண்டிருந்தான். அப்புறம் கேள்வி அழிந்தது. வீடு என்ற சொல் மட்டும் நின்றது. அதற்கு இடது பக்கம், கொஞ்சம் கீழே, ஒரு புள்ளி வந்து உட்கார்ந்தது.

சங்கவி வாயைப் பொத்திக்கொண்டாள். அதற்குள் குடோனில் ‘டக், டக், டக்’ என்று சத்தம். ஒவ்வொரு சிலிண்டர் தலையிலும் விளக்கு மாறிக்கொண்டே வந்தது. பச்சை. எல்லாம் பச்சை.

“புரிஞ்சுக்கிச்சுங்கய்யா!” என்று சங்கவி கத்தினாள். “அதுக்குப் புரிஞ்சிருச்சு!” சென்னியப்பன் இரண்டு கையாலும் வேன் கூரையைத் தட்டினான். நான் சிலிண்டரை உருட்டிக்கொண்டு உள்ளே ஓடினேன். எழுபத்திரண்டு வயசில் ஓடினேன்.

அன்றிலிருந்து ஒட்டு எதுவும் கேட்கவில்லை. பெயர் கேட்கவில்லை, பில் கேட்கவில்லை, காலி கேட்கவில்லை. முந்நூற்றுப் பன்னிரண்டு ஏஜென்சியிலும் வீட்டுக்குக் கேட்டதைக் கொடுத்தது. மேனேஜர் மூன்று தடவை போன் பண்ணி, சிஸ்டத்தில் ஏதோ கோளாறு, சரிபண்ணுகிறோம் என்றான். சரிபண்ண வேண்டாம் என்றேன். அவனால் முடியவும் இல்லை.

ஐந்தாம் நாளோ ஆறாம் நாளோ, பல் தேய்த்துக்கொண்டிருக்கும்போது, நான் எழுதினது அப்படியே மனசில் ஓடியது. பதினாறு நாள் அந்த வாசலுக்குப் போகாதே. எதற்கு அப்புறம் பதினாறு நாள் என்று எழுதவில்லை. நமக்கெல்லாம் அதைச் சொல்ல வேண்டியதில்லை. பதினாறு என்றாலே எதற்கு அப்புறம் என்று தெரியும். ஒட்டு புள்ளி விழுந்த நாளிலிருந்தே எண்ண ஆரம்பித்திருக்கும். பதினேழாம் நாள் என்ன ஆகும் என்றும் நான் எழுதவில்லை. ஆனால் அது என் நோட்டில் இருக்கிறது. முப்பத்தோரு நோட்டிலும் இருக்கிறது. காரியம் முடிந்ததும் காலி திரும்பி வந்துவிடும்.

சங்கவியிடம் சொன்னேன். பதில் எழுதுகிற பெட்டி இப்போது எங்கே என்று கேட்டேன். ராத்திரி பகலாகத் தேடினாள். பெட்டி இல்லை. “அதுக்கு இப்ப சந்தேகம் ஒண்ணும் இல்லீங்கய்யா” என்றாள். அவள் கண்ணைப் பார்க்க முடியவில்லை.

இன்றைக்குப் பதினாறாவது நாள். காலையில் சென்னியப்பன் லிஸ்டை வாங்கிக்கொண்டு கிளம்பவில்லை. போனை என் மேஜையில் வைத்துவிட்டு வாசலில் போய் நின்றுகொண்டான். இன்றைய லிஸ்டுக்குக் கீழே நாளைய லிஸ்டும் சேர்ந்தே வந்திருக்கிறது. நாளைக்கு ஒரே ஒரு வரிதான். முந்நூற்றுப் பன்னிரண்டு ஏஜென்சிக்கும் அதே வரி என்று பிளாண்டிலிருந்து சொன்னார்களாம்.

வீடு. காலி எடுத்துவர.

அதனால்தான் இதை நோட்டில் எழுதுகிறேன். கையால், பேனாவால். யாரும் படம் பிடித்து ஏற்றாதவரை இதை ஒட்டு படிக்காது. படிக்கிற ஏஜென்சிக்காரர்களே, உங்களிடம் பூட்டு இல்லாத பழைய சிலிண்டர் ஒன்று இருந்தாலும் இன்றைக்கே நிரப்பி வையுங்கள். டிரைவர்களை நாளைக்கு வேன் எடுக்க விடாதீர்கள்.

உள்ளேயிருந்து பாவாத்தா கூப்பிடுகிறாள்.

“ஏனுங்க... லிஸ்ட் வந்துருச்சா?”

“இன்னும் வருல” என்று சொன்னேன்.